அடுத்த பக்கத்தில் என்ன என்று ஹாமாவுக்கே தெரியாது

மாதத்தில் ஒரு நாள் என் காலை டீ ஆறிப் போகும். அமெரிக்கப் பதிப்பகங்கள் இன்னும் மூன்று மாதத்தில் வரப்போகிற காமிக்ஸ்களின் பட்டியலை வெளியிடும் நாள் அது. நான் மற்றதையெல்லாம் தாண்டி நேராக ஜி.ஐ. ஜோ என்ற பட்டாளக் காமிக்ஸ் இருக்கும் இடத்துக்குப் போய்விடுவேன். அட்டைப்படம், இதழ் எண், எழுதுகிறவர், வரைகிறவர், விலை, கடைக்கு வரும் தேதி, அப்புறம் கதையைப் பற்றி மூன்று வரி. அந்த மூன்று வரியைத்தான் ஜாதகக் கட்டத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தால் ஆபீஸ் மெயில் என்று சொல்லிவிடுவது வழக்கம். வயது நாற்பத்து மூன்று ஆகிறது.

அந்த மூன்று வரியில் பொய் நிறைய இருக்கும். கெட்ட பொய் இல்லை, கல்யாணத் தரகர் 'மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது' என்று சொல்வாரே, அந்த ஜாதிப் பொய். 'இனி எதுவும் பழையபடி இருக்காது' என்று போட்டிருப்பார்கள். நான் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து எதுவும் பழையபடி இல்லாமல் போய் ஒரு முப்பது தடவையாவது ஆகியிருக்கும். 'இவர்களில் ஒருவர் திரும்பி வரமாட்டார்' என்று போட்டிருந்தால் எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வந்து பக்கம் இருபதில் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் அதிகம் காத்திருக்கும் தொடரை எழுதுகிறவருக்கே அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று தெரியாது. பெயர் லாரி ஹாமா. 1982இல் மார்வெல் நிறுவனம் 'ஜி.ஐ. ஜோ: எ ரியல் அமெரிக்கன் ஹீரோ' என்ற காமிக்ஸைத் தொடங்கியபோது எழுத ஆரம்பித்தவர், எழுபத்தைந்தைத் தாண்டியும் அதே கதையைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். தான் எதையும் திட்டமிட்டு எழுதுவதில்லை, ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தை யோசிப்பேன், கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சேரும் வரை முடிவு தனக்கும் தெரியாது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் பட்டியல் மூன்று மாதம் முன்னாடியே வந்தாக வேண்டும். அப்படியென்றால் அந்த மூன்று வரியை என்னத்தை வைத்து எழுதுகிறார்கள்? எனக்குத் தெரிந்து உலகத்திலேயே கஷ்டமான வேலை அந்த ஆளுடையதுதான்.

மூன்று மாதம் முன்னாடி ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். அங்கே காமிக்ஸ் கடைகளுக்குப் போகும் இதழ்கள் பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொள்ளப்படாதவை. நம்மூர்ப் பத்திரிகை ஏஜெண்டு விற்காத இதழைக் கட்டித் திருப்பி அனுப்புவது போல அங்கே அனுப்ப முடியாது. முன்பெல்லாம் அங்கேயும் பெட்டிக்கடை, மருந்துக்கடைச் சுழல் ஸ்டாண்டில் வைத்து விற்ற காலத்தில் ரிட்டர்ன் இருந்தது. எழுபதுகளில் காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகியபோது, கூடுதல் தள்ளுபடிக்குப் பதிலாக ரிட்டர்ன் இல்லை என்ற ஏற்பாடு வந்தது. ஆகவே கடைக்காரர் எத்தனை பிரதி என்று முன்கூட்டியே சொல்லிப் பணத்தைப் போட வேண்டும், விற்காவிட்டால் அவர் தலையில்தான் விடியும். பட்டியலைப் பார்த்து முதல் ஆர்டர், வெளியாவதற்குச் சில வாரம் முன்பு கடைசித் தேதி, அதுவரை எண்ணிக்கையைக் கூட்டலாம் குறைக்கலாம். இத்தனை பிரதி எடுத்தால் இந்த அபூர்வ அட்டை ஒன்று கிடைக்கும் என்று ஆசை காட்டுவதும் இதற்காகத்தான். இருபத்தைந்து எடுத்தால் ஒன்று, ஐம்பது எடுத்தால் ஒன்று. ஒரே கதைக்கு ஆறு அட்டை வருகிறது. எனக்கு அந்த அட்டைப் பைத்தியம் கிடையாது, கதை உள்ளேதானே இருக்கிறது.

இன்னொன்று. வரப்போவதைச் சொல்வது இந்தக் காமிக்ஸுக்கு ஓரமாக ஒட்டிக்கொண்ட வியாபாரத் தந்திரம் கிடையாது, அது பிறந்ததே அப்படித்தான். ஹாஸ்ப்ரோ கம்பெனி 1964இல் ஜி.ஐ. ஜோ என்ற பெயரில் ஏறக்குறைய ஓரடி உயரச் சிப்பாய் பொம்மையைக் கொண்டுவந்தது. பையன்கள் பொம்மை வைத்து விளையாட மாட்டார்கள் என்று பயந்து அதற்கு 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயர் வைத்தார்கள், அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்ததே அதனால்தான். எழுபதுகளின் கடைசியில் அது நின்றுபோனது. 1982இல் அதே பெயரை எடுத்துக்கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருக்கி, மறுபடி இறக்கினார்கள். அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் பொம்மை விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. பிள்ளைகளை ஏமாற்றக்கூடாது என்பதற்காகக் கார்ட்டூன் காட்சியைக் கொஞ்சம்தான் காட்டலாம். ஆனால் காமிக்ஸ் புத்தகத்துக்கான விளம்பரத்துக்கு அப்படி ஒரு விதியே கிடையாது, ஏனென்றால் காமிக்ஸை டிவியில் விளம்பரம் செய்வார்கள் என்று யாரும் நினைத்தே பார்க்கவில்லை. ஹாஸ்ப்ரோ அந்தச் சந்தில் புகுந்தது. அரை நிமிடம் முழுக்க கார்ட்டூன், ராக்கெட், டேங்க், சண்டை, பாட்டு, கடைசியில் மார்வெல் காமிக்ஸ் இதழின் அட்டை. பார்க்கிற பையன் வாங்கப் போவது பொம்மையைத்தான் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் சட்டப்படி அது புத்தக விளம்பரம்.

அதாவது பொம்மைக்கு விளம்பரம் காமிக்ஸ், காமிக்ஸுக்கு விளம்பரம் கார்ட்டூன். இப்படி விளம்பரத்துக்கு விளம்பரமாகப் பிறந்த ஒன்றை எவன் எழுதுவான்? மார்வெலில் யாரும் முன்வரவில்லை, எல்லாரும் மறுத்த பிறகுதான் தன்னிடம் வந்தது என்று ஹாமாவே சொல்வார். அவர் வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பொறியாளர் பிரிவில் இருந்தவர், ஜப்பானிய வம்சாவளி, நியூயார்க்காரர். நடுவில் நடிகராகக்கூட இருந்தார். மார்வெலில் எடிட்டராக இருந்தபோது வேறொரு சிறப்புப் படைக் கதைக்கு யோசனை எழுதி வைத்திருந்தார், அதைத் தூசி தட்டி இதற்குள் போட்டார். ஹாஸ்ப்ரோவிடம் வில்லன்களே இல்லை என்பது இன்னொரு கூத்து. சிப்பாய்கள் இருக்கிறார்கள், சண்டை போட ஆள் இல்லை. கோப்ரா என்ற எதிரிக் கும்பலை யோசித்துச் சொன்னவர் மார்வெலின் ஆர்ச்சி குட்வின்.

அந்தக் காலத்துக் கதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஸ்நேக் ஐஸ் பொம்மையின் கதை. முதல் வரிசை தயாராகும்போது பெயிண்டுக்கு ஒதுக்கிய காசு பற்றவில்லை. ஒரு பொம்மையையாவது பெயிண்டே அடிக்காமல் விட்டால் கணக்கு சரியாகும். சரி என்று தலை முதல் கால் வரை ஒரே கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒன்றை வார்த்துவிட்டார்கள். முகமில்லை, நிறமில்லை. அந்தச் செலவு மிச்சம் பிடித்த பொம்மைதான் பிற்பாடு பேசாத, முகம் காட்டாத நிஞ்ஜாவாக மாறி, நாற்பது வருஷமாக இந்த மொத்தக் கடையையும் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

எனக்கு இந்த உலகம் காமிக்ஸ் வழியாக வரவில்லை, பொம்மை வழியாகத்தான் வந்தது. சென்னை எம்ஆர்எஃப், ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஆரம்பித்த ஃபன்ஸ்கூல், இந்தியாவில் ஜி.ஐ. ஜோ பொம்மைகளைச் செய்து விற்றது. தொழிற்சாலை கோவாவில். அமெரிக்காவில் பச்சையாக இருந்த ஆள் இங்கே வேறு நிறத்தில் வருவான், அங்கே நிறுத்தி வருஷக்கணக்கானவன் இங்கே அலமாரியில் புதுசாக நிற்பான். அந்த விநோத நிறங்களுக்காகவே இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்திய பொம்மைகளைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தபோது, திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் புதைத்த நான்கு பேரை நினைத்து ஒரு ராத்திரி தூக்கமில்லை.

இந்தப் பொம்மையை வைத்திருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். முதுகில் ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் மார்பு இரண்டாகப் பிரியும், உள்ளே ஒரு சின்னக் கறுப்பு ரப்பர் வளையம், ஓ-ரிங், அதுதான் மேல் உடம்பையும் இடுப்பையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அவன் உட்காருவான், குனிவான், இடுப்பைத் திருப்புவான். இரண்டு மூன்று வருஷத்தில் அந்த ரப்பர் காய்ந்து ஒருநாள் 'டிக்' என்று விட்டுவிடும், போர்க்களத்தில் நிற்கிறவன் கால் ஒரு பக்கம் தலை ஒரு பக்கமாக விழுவான். முதல் தடவை நான் ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி மாட்டினேன். குடித்துவிட்டு வந்தவன் மாதிரி தொங்கினான். அப்புறம் தெருமுனையில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணன் அவனைக் கையில் வாங்கிப் பார்த்து, எதுவும் கேட்காமல், ஒரு கிரீஸ் படிந்த டப்பாவைக் கொட்டி, நாலைந்து வளையத்தை அளந்து பார்த்து ஒன்றை மாட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "ராணுவத்துக்குச் சும்மா" என்றார். அந்த வளையம் கொஞ்சம் இறுக்கம். அதனால் என் ஆள் குனியவே மாட்டான், இன்றைக்கும் விறைப்பாக மேசை மேல் நிற்கிறான்.

பொம்மையை ஒட்டி விற்கும் அட்டையின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும், புள்ளிக்கோட்டில் வெட்டி வைத்துக்கொள்ளலாம். இயற்பெயர், பிறந்த ஊர், பதவி, என்னென்ன ஆயுதம் தெரியும், கீழே ஒரு பத்தி குணச்சித்திரம். நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது பாதி அதில்தான். அதை எழுதியவர் ஹாமா என்று தெரிய எனக்கு இருபது வருஷம் ஆனது. காமிக்ஸுக்காகப் பாத்திரங்களைப் பற்றித் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகளைப் பார்த்துத்தான் ஹாஸ்ப்ரோ அவரையே அட்டைக்கும் எழுதச் சொன்னதாம். ஒரு சிப்பாய் நன்றாகச் சமைப்பான், ஒருத்தன் கணக்கில் புலி, ஒருத்தனுக்கு யாருடனும் ஒத்துப்போகாது. அவன் ஏன் பட்டாளத்தில் சேர்ந்தான் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். இருபத்தைந்து வருஷம் கழித்து பழைய இதழ்களைக் கையில் எடுத்தபோது, ஏற்கெனவே தெரிந்த ஆட்களின் வீட்டுக்குள் நுழைந்த மாதிரிதான் இருந்தது.

சரி, இதழ்களுக்கு வருவோம். 21ஆம் இதழ், 1984. முழு இதழிலும் ஒரு வார்த்தை கிடையாது. பேச்சுக் குமிழி இல்லை, 'டமார்' 'டுமீல்' கூட இல்லை. கோப்ராவின் கோட்டையில் ஜோ படையைச் சேர்ந்த ஸ்கார்லெட் என்ற பெண் கைதி, காப்பாற்ற ஸ்நேக் ஐஸ் தனியாகப் பாரசூட்டில் இறங்குகிறான். அவன் கோட்டைக்குள் வருவதற்குள் அவள் தானே கட்டை அவிழ்த்துக்கொண்டு பாதி வேலையை முடித்துவிடுகிறாள் (1984இல், பையன்களின் பொம்மைக் காமிக்ஸில்!). வெள்ளை உடையில் ஸ்டார்ம் ஷேடோ என்ற நிஞ்ஜா முதல்முறையாக வருகிறான். தப்பித்துப் போகும்போது கடைசியில் ஸ்நேக் ஐஸின் கிழிந்த சட்டைக்குள் முன்கையில் பச்சை குத்திய ஒரு சின்னம், அதே சின்னம் எதிரியின் கையிலும். அவ்வளவுதான், முடிந்தது. இதழ் அச்சுக்குப் போகத் தாமதமாகிக்கொண்டிருந்த நேரம், எழுத்து சேர்க்கும் வேலை இல்லாவிட்டால் நாள் மிச்சம் என்பதும் ஒரு காரணம் என்று ஹாமா சொல்லியிருக்கிறார். பெயிண்ட் மிச்சத்தில் பிறந்தவனுக்கு எழுத்து மிச்சத்தில் ஒரு காவியம்.

அந்தச் சின்னத்துக்கு என்ன அர்த்தம் என்று வரையும்போது அவருக்குத் தெரிந்திருக்காது என்பது என் ஊகம். 26, 27ஆம் இதழ்களில்தான் இருவருக்கும் உள்ள உறவு வருகிறது, வியட்நாமில் ஒன்றாக இருந்த நண்பர்கள், ஒரே குலத்தில் வாள் பழகியவர்கள். திட்டம் போட்டுச் செய்திருந்தால் இத்தனை பொருத்தமாக வந்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. தெரியாமல் போட்ட முடிச்சை நிதானமாக அவிழ்ப்பதற்குத் தனிக் கை வேண்டும், அது அவருக்கு இருக்கிறது.

இதனாலேயே ஆட்கள் சாவதும் திடீரென்றுதான். 109ஆம் இதழில் ஒரு கோப்ரா சிப்பாய் கைதிகளாக நிற்கும் ஜோக்களை, அதாவது ஜி.ஐ. ஜோ படை ஆட்களை, சுட்டுத் தள்ளுகிறான். டாக், பிரேக்கர், குவிக் கிக் என்று வருஷக்கணக்காகப் பழகிய பெயர்கள் ஒரே இதழில் போய்விடும். வீர வசனம் கிடையாது, இசை கிடையாது. கடையில் விற்று முடித்த பொம்மைகள் என்பதால் சாக அனுமதி கிடைத்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆனால் படிக்கும்போது அப்படி எந்த சமாதானமும் மனதில் நிற்காது. பட்டாளத்தில் இருந்தவர் எழுதுகிறார் என்பது இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும், துப்பாக்கி மாடல் பெயர் சரியாகச் சொல்வதில் இல்லை.

1994இல் விற்பனை விழுந்து 155ஆம் இதழோடு மார்வெல் நிறுத்தியது. ஒரு சில இதழ்களைத் தவிர அத்தனையும் ஹாமா எழுதியவை. அந்தக் கடைசி இதழ் சண்டையே இல்லாத இதழ். வியட்நாமில் ஸ்நேக் ஐஸோடு இருந்தவனின் மகன், தானும் பட்டாளத்தில் சேரட்டுமா என்று கேட்டிருக்கிறான், அதற்கு ஸ்நேக் ஐஸ் பதில் கடிதம் எழுதுகிறான். பன்னிரண்டு வருஷம் வாயே திறக்காதவன் கடைசியில் பேசுகிறான், அதுவும் காகிதத்தில். சேரு என்றும் சொல்லவில்லை, சேராதே என்றும் சொல்லவில்லை, தான் பார்த்ததைச் சொல்கிறான். பொம்மை விற்க ஆரம்பித்த ஒன்று இப்படி ஒரு இடத்தில் வந்து நிற்கும் என்று அந்தக் கார்ட்டூன் விளம்பரத்தைப் பார்த்த எவனும் எதிர்பார்த்திருக்க மாட்டான். நான் அதைப் படித்தது ஒரு ரயில் பயணத்தில், மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு, போனில். விழுப்புரம் வந்ததே தெரியவில்லை.

நடுவில் 2001லிருந்து டெவில்ஸ் டியூ என்ற பதிப்பகம் வேறு ஆட்களை வைத்துக் கதையைத் தொடர்ந்தது. அதை நான் முழுசாகப் படிக்கவில்லை, படித்தவரை பெரிதாக ஒட்டவில்லை. அப்புறம் உரிமை ஐடிடபிள்யூ என்ற பதிப்பகத்துக்குப் போனது. 2010 மே மாதம், அங்கே கடைகளில் இலவசக் காமிக்ஸ் கொடுக்கும் நாளன்று, ஒரு இதழ் வந்தது. எண் 155½. ஆமாம், நூற்றைம்பத்தைந்தரை. நடுவில் மற்றவர்கள் எழுதியதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, 1994இல் விட்ட இடத்திலிருந்து ஹாமா அரை எண்ணில் ஆரம்பித்தார். ஜூலையில் 156. பதினாறு வருஷம் வெளியூர் போய்விட்டு வந்தவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு 'என்ன, சாப்பாடு ஆச்சா' என்று கேட்கிற மாதிரி.

அமெரிக்கக் காமிக்ஸில் இது எத்தனை அபூர்வம் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே எதற்கெடுத்தாலும் எண் 1 போடுவார்கள், ஏனென்றால் முதல் இதழ்தான் விற்கும். எழுத்தாளர் மாறினால் 1, உடை மாறினால் 1. இந்தத் தொடர் மட்டும் 2022இல் 300ஆம் இதழோடு ஐடிடபிள்யூவில் முடிந்து, மூன்றாவது பதிப்பகத்துக்குப் போனபோதும், 2023 நவம்பரில் 301 என்றே வந்தது. காமிக்ஸ் எழுத்தாளர் ராபர்ட் கிர்க்மனின் ஸ்கைபவுண்ட்தான் அந்தப் பதிப்பகம், இமேஜ் நிறுவனத்தின் வழியாக வெளியீடு. கம்பெனி மாறினாலும் பி.எஃப். எண் மாறாத பழைய அரசாங்க ஊழியர் மாதிரி ஹாமா உட்கார்ந்திருந்தார்.

ஆனால் ஸ்கைபவுண்ட் உரிமை வாங்கியது ஹாமாவுக்காக மட்டும் இல்லை. அவர்களுக்கு இன்னொரு பெரிய திட்டம் இருந்தது, எனர்கான் யுனிவர்ஸ். வண்டியாகவும் விமானமாகவும் உருமாறும் ரோபோக்களான ட்ரான்ஸ்ஃபார்மர்ஸும் ஜி.ஐ. ஜோவும் ஒரே உலகத்தில், முதலிலிருந்து, புது வாசகர்களுக்காக. அதை அவர்கள் அறிவித்த விதத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 2023 ஜூனில் 'வாய்ட் ரைவல்ஸ்' என்று ஒரு புதுக் காமிக்ஸ், கிர்க்மன் எழுத லோரென்சோ தெ ஃபெலிச்சி வரைந்தது. பட்டியலில் போட்டிருந்தது, இரண்டு எதிரி விண்வெளி வீரர்கள் ஒரே கிரகத்தில் விழுந்து மாட்டிக்கொள்கிறார்கள் என்பது மட்டும். வாங்கிப் புரட்டினால் நடுவில் ஒரு பழைய இயந்திரம் கண் விழித்து எழுகிறது, பார்த்தால் அது ஜெட்ஃபயர், ட்ரான்ஸ்ஃபார்மர்! ஒரு பெரிய உலகமே தொடங்கிவிட்டது என்று கடையில் நின்று பக்கத்தைப் புரட்டியவனுக்குத்தான் முதலில் தெரியும். மூன்று மாதம் முன்னாடியே எல்லாவற்றையும் உளறிக் கொட்டும் ஒரு தொழிலில், நான் பார்த்த மிகச் சிறந்த 'விரைவில் வருகிறது' அறிவிப்பு அறிவிக்காமல் செய்ததுதான்.

அதற்கப்புறம் வேகம் பிடித்தது. அக்டோபரில் டேனியல் வாரன் ஜான்சனின் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் வந்து, மறுவருஷம் காமிக்ஸுக்கான பெரிய விருதான ஐஸ்னரே வாங்கியது. ஜோ பக்கத்தை ஜோஷுவா வில்லியம்சன் எடுத்துக்கொண்டார். 2023 டிசம்பரில் 'ட்யூக்', வரைந்தவர் டாம் ரைலி. ஒரு போர் விமானம் ரோபோவாக மாறி தன் நண்பனைக் கொன்றதைக் கண்ணால் பார்த்த ஒரு சிப்பாய், ஒருத்தரும் நம்பவில்லை, என்று ஆரம்பிக்கிறது. 2024 ஜனவரியில் 'கோப்ரா கமாண்டர்', ஜூனில் 'ஸ்கார்லெட்', 'டெஸ்ட்ரோ'. எல்லாம் ஐந்தைந்து இதழ். கடைசியில் நவம்பரில்தான் 'ஜி.ஐ. ஜோ' என்ற பெயரிலேயே முதல் இதழ். இலையில் பொரியல் வைத்து, கூட்டு வைத்து, அப்பளம் வைத்து, ஊறுகாய் வைத்து, சோறு வர ஒரு வருஷம் ஆனது. பொரியல் நன்றாகத்தான் இருந்தது, ரைலியின் வரைதல் குறிப்பாக, கோடு குறைவு, ஓட்டம் அதிகம். இருந்தாலும் சோற்றுக்குக் காத்திருக்கிறவன் பசி வேறு.

புதுசுக்கும் ஹாமாவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே ஆளை வைத்துச் சொல்லிவிடலாம், கோப்ரா கமாண்டர். புது உலகத்தில் அவன் கோப்ரா-லா என்ற மறைந்த பழங்கால ராஜ்யத்திலிருந்து வருகிறான். 1987 அனிமேஷன் படத்தில் வந்த சரக்கு அது, அந்தப் படத்தில் அந்த ராஜ்யம் நம்ம இமயமலையில்தான் ஒளிந்திருக்கும். பாம்பு, பூச்சி, உயிருள்ள கருவிகள், பார்க்க அட்டகாசம். ஹாமாவின் கோப்ரா கமாண்டர் யார் தெரியுமா? பழைய கார் விற்றுக்கொண்டிருந்தவன். வியாபாரத்தில் நொடித்து, அரசாங்கத்தின் மேல் கோபம் வந்து, ஊர் ஊராகப் போய் மனக்குறை உள்ள ஆட்களைச் சேர்த்து, நீ பத்துப் பேரைச் சேர் அவர்கள் பத்துப் பேரைச் சேர்க்கட்டும் என்று சங்கிலி வியாபாரத்தில் ஒரு படையைக் கட்டினான். தலைமையகம் ஒரு சாதாரண அமெரிக்கச் சிறு நகரம், பூச்செடி, தபால் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை. சீட்டுக் கம்பெனி, ஈமு கோழி, தங்கக் காசுத் திட்டம் எல்லாம் பார்த்த நமக்கு இரண்டில் எந்த வில்லனைப் பார்த்துப் பயம் வரும்? எனக்கு இமயமலைக்காரனைப் பார்த்தால் வேடிக்கை, கார் வியாபாரியைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அவன் என் சொந்தக்காரக் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறான்.

இதற்காகப் புதுசைக் குறை சொல்ல மாட்டேன். யாராவது இப்போது படிக்கத் தொடங்குவதென்றால் 'ட்யூக்' முதல் இதழைத்தான் கையில் கொடுப்பேன், ஹாமாவின் 301ஐக் கொடுக்க மாட்டேன். முந்நூறு இதழ்ச் சொந்தபந்தத்தை யாரிடம் விளக்குவது? புதுசில் வில்லியம்சனுக்கு எங்கே போகிறோம் என்று தெரியும், இரண்டு வருஷம் கழித்து எந்தக் கதவு திறக்கும் என்பதற்கு இன்றைக்கே சாவி போட்டு வைக்கிறார். அதனால் அவருடைய பட்டியல் குறிப்புகள் கச்சிதமாக இருக்கும், சொன்னது நடக்கும். ஹாமாவின் இதழுக்கான குறிப்பைப் படித்தால் 'ஜோக்கள் ஒரு ஆபத்தான இடத்துக்குப் போகிறார்கள்' என்ற அளவில் இருக்கும். எந்த மாதத்துக்கு வேண்டுமானாலும் பொருந்தும். முன்பு இது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த மொட்டைக் குறிப்பைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, பாவம், எழுதினவனுக்கும் தெரியவில்லை.

கையில் புத்தகமாக வாங்கும் ஆசையில் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து தருவித்தேன். புத்தக விலைக்கு மேல் தபால் செலவு. வந்த பெட்டி ஒரு மூலையில் யானை மிதித்த மாதிரி. உள்ளே மழைத்தண்ணீர் குடித்த காகிதம். புகார் எழுதினேன், புகார் எண் கொடுத்தார்கள், அந்த எண் இன்னும் பத்திரமாக இருக்கிறது. அன்றிலிருந்து மாத இதழ் போனில், புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில். பழைய இதழ்களைத் தலையணை கனத்துக்குத் தொகுத்து ஸ்கைபவுண்ட் வெளியிடும் தொகுதிகளை மட்டும் யாராவது அங்கிருந்து லீவுக்கு வரும்போது பெட்டியில் போட்டு எடுத்துவரச் சொல்வேன். நண்பர்கள் இப்போதெல்லாம் ஊருக்கு வருவதையே என்னிடம் சொல்வதில்லை.

2025இல் 21ஆம் இதழின் வழியில் வார்த்தையே இல்லாத தனி இதழ்கள் சில வந்தன, பீச் ஹெட், ஜின்க்ஸ் என்று ஆளுக்கு ஒன்று, 'சைலண்ட் மிஷன்ஸ்' என்ற தலைப்பில். அறிவிப்பைப் பார்த்தபோது சந்தேகமாகத்தான் இருந்தது, ஒரு தடவை தற்செயலாக நடந்ததை நாற்பது வருஷம் கழித்துத் திட்டம் போட்டு நடத்துகிறார்களே என்று. ஆனால் அதனால் ஒரு நன்மை நடந்தது. தங்கை மகள் லீவுக்கு வந்திருந்தாள், எட்டு வயது, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். வார்த்தை இல்லாத காமிக்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள், நான் நேராக மூலத்துக்கே போய் 21ஐ எடுத்து நீட்டினேன்.

தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். நடுநடுவே எனக்கே கதை சொன்னாள். "இந்தக் கறுப்பு அண்ணனுக்கு வாய் இல்ல. இந்த அக்காவக் கட்டிப் போட்டுட்டாங்க. அக்கா கட்ட அவுத்துட்டாங்க. இவரு லேட்டு." கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, நோட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். மேசை மேல் விறைத்து நிற்கிற என் ஆளை ஒருமுறை பார்த்தாள், அவன் கையில் ஏதாவது இருக்கிறதா என்று.

"மாமா, ரெண்டு பேர் கையிலயும் ஒரே படம் இருக்கு. அப்ப ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?"

"26ஆம் இதழ்ல சொல்வாங்க."

"அது எப்ப வரும்?"

அது வந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது, பக்கத்து அறை அலமாரியில்தான் இருக்கிறது.

"அடுத்த மாசம்" என்றேன்.